உரிமையாளரா, வணிகரா? ஐதராபாத் காரும் வரிக்கழிவும்

ஐதராபாத்தில் கார் வாங்குவோர் அதன் விலையில் குறிப்பிட்ட விழுக்காட்டை வாழ்நாள் வரியாகச் செலுத்துகின்றனர். ஆந்திரப் பிரதேசத்தின் 1963ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டமே 2014க்குப் பின் தெலங்கானாவிலும் தொடர்கிறது. தொழிலுக்கான காரின் வரி, செலவாகவோ தேய்மானமாகவோ வணிகரின் கணக்கில் ஏறும். சம்பளக்காரருக்கு அவ்வழி இல்லை. அமெரிக்காவிலோ, மதிப்பின்மீதான வாகன வரியைத் தனிநபரும் வரம்புக்குட்பட்டுக் கழிக்கலாம்.

இவ்வேறுபாட்டின் வேர் பழையது. 1957இல் வந்த செல்வ வரியை நிறுவனம் உரிமையாளராகவே செலுத்துகிறது, வணிகராக அன்று எனக் கூறி, திருவிதாங்கூர் டைட்டானியம் வழக்கில் (1966) உச்ச நீதிமன்றம் கழிவை மறுத்தது. இந்தியன் அலுமினியம் வழக்கில் (1972) அக்கருத்தைத் தானே மாற்றிக்கொண்டது. அவ்வாண்டே நாடாளுமன்றம் 1962 முதல் செல்லுமாறு சட்டத்தைத் திருத்தி, அக்கழிவைத் தடுத்தது.

1993 முதல் செல்வ வரி கார், நகை, நகர்ப்புற நிலம் முதலிய சில சொத்துகளுக்கெனச் சுருங்கியது. அதனால் நிறுவனத்தின் ஒரே காருக்கு வாகன வரி கணக்கில் ஏறியது. செல்வ வரி ஏறவில்லை. 2016இல் செல்வ வரி நீங்கிற்று. உரிமையாளர், வணிகர் என்னும் பிரிவினை மட்டும் சம்பளக்காரரின் காரில் இன்றும் நீடிக்கிறது.