மேடையிலிருந்து பார்த்தால்: பம்பாயின் இசை இரவுகளும் கோவாக் கலைஞர்களும்

1935ஆம் ஆண்டின் இறுதியில் லியோன் அபே என்னும் ஆப்பிரிக்க அமெரிக்க வயலின் கலைஞர் தம் குழுவினருடன் பம்பாயின் தாஜ் மகால் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப்பின் கார்னெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித்தும் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டும் அங்கே குழுக்களை நடத்தினர். ஐரோப்பிய அதிகாரிகளும் சுதேச மன்னர்களும் செல்வம் படைத்த பார்சிக் குடும்பத்தினரும் அவ்விசைக்கு நடனமாடினர். பம்பாயின் ‘ஜாஸ் காலம்’ என்று பின்னர் பெயர்பெற்ற இரவுகள் இவ்வாறு தொடங்கின.

இவ்விரவுகளைப் பற்றிய நினைவுகளில் பெரும்பாலானவை விருந்து மேசையில் அமர்ந்திருந்தவர்களின் நினைவுகள். மின்விளக்கு, மாலையுடை, மது, நடனம் ஆகியவையே அவற்றில் மேலோங்கி நிற்கும். மேசையிலிருந்தவருக்குக் கேளிக்கையாக இருந்த அதே நேரம், மேடையில் நின்றவருக்கு வேலை நேரம். கிரிகரி பூத் 2008இலும் நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012இலும் வெளியிட்ட நூல்களுக்குப் பிறகு, இவ்வரலாற்றை உழைப்பின் வரலாறாகப் படிக்கும் வாய்ப்பு விரிந்துள்ளது.

மேடையில் நின்றவருள் பலர் கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கர். இதற்குக் காரணம் உண்டு. போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்த கோவாவின் பங்குத் திருச்சபைப் பள்ளிகள் வழிபாட்டு இசையின் தேவைக்காகச் சிறுவர்களுக்கு மேற்கத்திய இசைக்குறிமானத்தைப் படிக்கவும் வயலின் முதலிய கருவிகளை வாசிக்கவும் கற்றுத்தந்தன. தேவாலயத்துக்கென அமைந்த அப்பயிற்சி, பிழைப்புத் தேடிப் பிரித்தானிய இந்தியாவின் நகரங்களுக்குச் சென்றவர்களுக்குத் தொழிற்கல்வியாகவும் ஆயிற்று. பம்பாயின் தோபி தலாவ் வட்டாரத்தில் கோவாவின் ஊர்கள் தத்தம் மக்களுக்காக ‘குட்’ எனப்படும் எளிய தங்குமிடங்களை நடத்தின. கப்பற் பணியாளர், சமையற்காரர், இசைக்கலைஞர் எனப் பலரும் அங்கே தங்கி வேலை தேடினர். ஆடம்பர ஹோட்டலின் நடன அரங்குக்கும் ஊராரின் கூட்டுத் தங்குமிடத்துக்கும் இடையிலான தொலைவை அன்றாடம் கடந்தவர்கள் இக்கலைஞர்கள்.

ஜாஸ் இசையின் நுட்பம் தாளில் எழுதப்பட்ட குறிமானத்தில் முழுமையாக அடங்குவதன்று. உடன் வாசித்தே அதைக் கற்க இயலும். ஃபிராங்க் ஃபெர்னாண்ட் முதலிய கோவாக் கலைஞர்கள் அமெரிக்கக் கலைஞர்களுடன் ஒரே மேடையில் வாசித்து அதைக் கற்றனர். அல்டோனா ஊரில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சாக்லேட்’ என்ற மேடைப் பெயருடன் டிரம்பெட் வாசித்து, ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ எனப் புகழப்பட்டார்.

விடுதலைக்குப் பின் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஆங்கிலேயரும் சுதேச மன்னர்களும் நடன அரங்கின் புரவலர் இடத்திலிருந்து விலகினர். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், மது விற்பனையை நம்பியிருந்த இரவு விடுதிகளின் வருவாயைத் தாக்கியது. அதே காலத்தில் பம்பாயின் இந்தித் திரையுலகம் பெரிய வாத்தியக் குழுக்களை நாடத் தொடங்கியிருந்தது. இரவில் நடன அரங்கில் வாசித்தவர்கள் பகலில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்றனர். சிலர் இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்தனர்.

திரைப்பாடல் உருவான முறையை இங்கே கவனிக்க வேண்டும். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக்காட்டுவார். அம்மெட்டுக்கு முன்னிசையும் இடையிசையும் அமைத்து, துணைச்சுரங்கள் சேர்த்து, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனித் தாளில் எழுதித் தருபவர் இசைக்கோப்பாளர். குறிமானம் அறியாத இசையமைப்பாளருக்கும் குறிமானத்தை மட்டுமே பார்த்து வாசித்த வயலின் குழுவினருக்கும் இடையே பாலமாக நின்றவர் அவரே. சங்கர்–ஜெய்கிஷன், ஓ. பி. நய்யார் ஆகியோரின் பாடல்களுக்குச் செபாஸ்டியன் டி’சூசா இப்பணியைச் செய்தார். சி. ராம்சந்திராவுடன் சிக் சாக்லேட் பணியாற்றினார். 1951இல் வெளிவந்த ‘அல்பேலா’ திரைப்படத்தில் அவருடைய குழுவினரைத் திரையிலேயே காணலாம்.

ஆனால், அவ்வாறு திரையில் தோன்றியது அரிதான வாய்ப்பு. இசைத்தட்டின் மீது இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் ஆகியோரின் பெயர்கள் அச்சாயின. வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சாகவில்லை. இசைக்கோப்பாளர் பெயர் இடம்பெற்றபோதும் ‘உதவியாளர்’ என்றே குறிக்கப்படுவது வழக்கமாயிருந்தது. ஒலிப்பதிவு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி தந்தவுடன் கலைஞருக்கும் பாடலுக்குமான உறவு முடிந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. ஒரு பாடலை ஆக்கியவர் யார் என்னும் வினாவுக்கு இசைத்தட்டு தரும் விடை, ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்ந்த உழைப்பைப் பிரதிபலிக்கவில்லை.

நடன அரங்குகள் உடனே மறைந்துவிடவில்லை. 1960களில் சர்ச்கேட் பகுதியின் உணவகங்களில் நேரடி இசை ஒலித்துக்கொண்டிருந்தது. டிரம்பெட் கலைஞர் கிறிஸ் பெர்ரியும் பாடகி லோர்னாவும் அம்மேடைகளில் பெற்ற பயிற்சியைக் கொங்கணிப் பாடல்களுக்குள் கொண்டுவந்தனர். அந்நிய இசையெனத் தொடங்கியது கடைசியில் ஒரு தாய்மொழியின் இசையாகவும் ஆயிற்று. 1970களில் இசைத்தட்டைச் சுழலவிடும் டிஸ்கோதே பரவியபோது மேடைக்கான தேவை சுருங்கியது. பின்னர் மின்னணு இசைக்கருவிகள் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பெருங்குழுக்களின் இடத்தைப் பறித்தன. 1978இல் தொடங்கிய ‘ஜாஸ் யாத்ரா’ விழா அவ்விசைக்குப் புதிய அவையைத் தந்தது. ஆயினும் அது அமர்ந்து கேட்கும் கச்சேரி அவை. வாரந்தோறும் கூலி தந்த நடன அரங்குக்கு அது ஈடாகவில்லை.

இவ்வரலாற்றின் முரணை ஒரு பெயர் தெளிவாகக் காட்டும். கோவாவின் மஜோர்தாவைச் சேர்ந்த ஆண்டனி கோன்சால்வஸ் வயலின் கலைஞர், இசைக்கோப்பாளர், ஆசிரியர். பின்னாளில் லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இணையரில் ஒருவரான பியாரேலால் அவரிடம் வயலின் கற்றார். 1958இல் இந்திய ராகங்களைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதி மேடையேற்ற முனைந்த கோன்சால்வஸ், 1960களில் அமெரிக்கா சென்றார். 1977இல் ‘அமர் அக்பர் ஆண்டனி’ திரைப்படத்தில் அவர் பெயரையே தாங்கிய பாடல் ஒன்று தம் ஆசிரியருக்குப் பியாரேலால் செலுத்திய மரியாதையாக அமைந்தது. நாடெங்கும் மக்கள் அப்பெயரைப் பாடினர். அதைக் கற்பனைப் பாத்திரம் ஒன்றின் பெயராகவே பலர் கருதினர். அப்பெயருக்கு உரியவர் 2012இல் கோவாவில் மறைந்தார்.

நகரத்து இரவுகளின் வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளருக்கு ஹோட்டல் விளம்பரங்களும் விருந்தினர் நினைவுக்குறிப்புகளும் எளிதில் கிடைக்கும் சான்றுகள். கலைஞர்களின் குடும்பங்களில் எஞ்சியுள்ள குறிமானத் தாள்களும், தோபி தலாவின் ‘குட்’ பதிவேடுகளும், பழைய ஒலிப்பதிவுகளில் வயலின் வரிசைக்குப் பின்னால் கேட்கும் டிரம்பெட் ஒலியும் அவற்றுக்கு இணையான சான்றுகளே. அவற்றைத் தேடாமல் எழுதப்படும் வரலாற்றில் மேசைகள் இருக்கும், மேடை இராது.