தொடர்பாடல் தொழில்நுட்ப ஆக்கமும் பண ஆதரவும்: யாழ்ப்பாணக் குடாநாடு

குடாநாட்டில் அச்சு, தட்டச்சு, கணினி எழுத்து ஆகியவற்றில் நடந்த ஆக்க முயற்சிகளைக் குறிப்பது இத்தலைப்பு. பணம் பல்லாண்டு தொடர்ந்து வந்தபோது இவை வளர்ந்தன. அது நின்றதும் தேங்கின.

அச்சுக்காலம்

அமெரிக்க மிஷன் 1816 இல் இங்கு பணி தொடங்கியது. 1820 இல் வந்த அச்சாளர் ஜேம்ஸ் கரெற் தங்குவதற்கு, அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் குறுகிய நோக்கால் இடமளிக்கவில்லை. 1834 இல்தான் மானிப்பாயில் ஈஸ்ட்மன் மைனர் பொறுப்பில் மிஷன் அச்சகம் நிலைகொண்டது. 1841 இல் 'உதயதாரகை' இதழும், 1842 இல் 58,500 சொற்கள் கொண்ட யாழ்ப்பாண அகராதியும் வெளிவந்தன. பின்னதைத் தொகுத்தவர் சந்திரசேகர பண்டிதர்.

நீண்டகால ஆய்வுக்குச் சிறந்த சான்று தமிழ்–ஆங்கிலப் பேரகராதி. மிஷனரி ஜோசப் நைற் யாழ்ப்பாணத்தில் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். அவருக்குப்பின் வேலை பல கைகள் மாறி, 1862 இல் சென்னையில் மிஷனரி வின்சுலோ பெயரில் 67,000 இற்கு மேற்பட்ட சொற்களுடன் நிறைவேறியது. தொடங்கியவர் முடிவைக் காணவில்லை.

இம்முயற்சிகளைத் தாங்கியது அமெரிக்கச் சபைகளின் நன்கொடை. 1837 இல் அந்நாட்டில் ஏற்பட்ட பணநெருக்கடி இங்குள்ள மிஷன் பாடசாலைகள் பலவற்றை மூடவைத்தது. 1855 இல் மிஷனின் கொள்கை மாற, 1823 முதல் நடந்துவந்த வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அச்சகமும் மிஷனின் கையை விட்டுப் போனது. கடல் கடந்து எடுக்கப்பட்ட முடிவு ஊரின் உழைப்பைக் கலைத்தது.

தட்டச்சு

தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப்படும் இரா. முத்தையா 1886 இல் சுண்டிக்குளியில் பிறந்தார். சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் எழுத்தராக இருந்தவர். எந்த ஆய்வுகூடத்தையும் சார்ந்தவரல்லர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவதே அவர்முன் நின்ற சிக்கல். கொம்பும் காலும் எல்லா மெய்களுக்கும் பொதுவாயின. புள்ளிக்கும் விசிறிக்கும் நகரா விசை அமைந்தது: அதை அழுத்தினால் குறி பதியும், தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியின்கீழ் வந்து அமரும். பொறியை வார்க்க உள்ளூரில் தொழிற்சாலை இல்லை. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் நௌமன் நிறுவனமே செய்து கொடுத்தது. பின்னாளில் இலங்கையில் பரவிய பாமினி என்னும் கணினி எழுத்துருவின் விசையமைப்பும் தட்டச்சுப் பழக்கத்தை ஒட்டியதே.

தற்போதைய நிலை

1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்வி நடைபெறுகிறது. ஆனால் 1990 இன் பின் போரால் குடாநாடு பல ஆண்டுகள் கணினிப் பணிக்கு வேண்டிய மின்சாரமும் தொலைபேசியும் இன்றி இருந்தது.