அந்தமான் விவசாயத்தில் நீர்ச் சேமிப்பு

ஆண்டுதோறும் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதாவது தமிழ்நாட்டின் சராசரியைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட ஜலம், பொழியப்பெறும் அந்தமான் நிகோபார்த் தீவுகளில், தை பிறந்தது முதல் சித்திரை முடியும்வரை குடியானவன் நீருக்குத் தவிக்கிறான் என்பது புதிதாய்க் கேட்பவர்க்கு நம்புதற்கரிய செய்தியாகும். மே முதல் டிசம்பர் வரை இருபருவக் காற்றுகளும் கொணரும் மழை, செங்குத்தான சரிவுகளில் உருண்டு, குறுகிய ஓடைகள் வழியே விரைவில் கடலடைந்துவிடுகிறது. அந்தமான் தீவுகளில் திக்லிப்பூர்ப் பக்கத்துக் கல்போங்கைத் தவிர ஆறென்று சொல்லத்தக்கது அரிது. ஆகவே இங்கே பஞ்சம் மழைக்கன்று, அதை நிறுத்திவைக்கும் இடத்துக்கே.

இவ்வாறு நீர் நில்லாமற்போய் மண்ணில் ஈரம் குறைந்ததும் பயிரின் வேர் அதை உணர்ந்து, அப்சிசிக் அமிலம் என்னும் இரசாயனத்தின் வாயிலாக இலைக்கு அறிவிக்க, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீராவி வெளியேறுவது தடைப்படுகிறது. ஆனால் கரியமிலவாயு உட்புகும் வழியும் அதுவேயாதலால், உயிரைக் காக்கும் அச்செயலே வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. நெற்பயிர் பூக்குந் தறுவாயில் இத்தாகத்தைச் சிறிதும் பொறாது; கதிர் பதராகும். இத்தீவுகளின் பிரதான விருட்சமான தென்னையோ மெல்ல நோகும் இயல்பினது. அதன் பாளை குருத்தினுள் அரும்பியது முதல் நெற்று முற்றும்வரை ஏறக்குறைய 44 மாதம் செல்வதால், ஒரு கோடையின் வறட்சி அவ்வருஷத்துக் குரும்பைகளை உதிர்ப்பதோடு நில்லாமல், அடுத்தடுத்த வருஷங்களின் காய்ப்பையும் குறைத்துவிடுகிறது. மரம் பசுமையாய் நிற்பதைக் கண்டு நஷ்டமில்லையென்று எண்ணுவது பெரும் பிழை. தேங்காய் மட்டைகளை மரத்தைச் சுற்றிப் புதைத்து வைத்தால், அவை பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சிக் கோடையில் வேருக்கு ஈகின்றன. காய்ந்த ஓலையும் நல்ல மூடாக்காகிறது.

கிரேட் நிகோபாரின் ஷாம்பென் மக்கள், மூங்கிலை நெடுக்காகப் பிளந்து சரிவில் சாய்த்துப் பதித்து, மழைநீரை ஆழமற்ற குழிகளுக்கு இட்டுச்சென்று சேர்த்து வந்திருக்கின்றனர். மலைச்சரிவில் ஓடையைத் தடுத்துக் குட்டை அமைக்கும் இந்நாளைய முறைக்கும் கருத்து இதுவே. நெல் அறுத்த வயலில், எஞ்சிய ஈரத்தைக் கொண்டே உளுந்தும் பச்சைப்பயறும் விளைவிப்பதும் சிக்கனமான வழியாகும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தால், தென் அந்தமானில் நிலமே தாழ்ந்து, வயல்களில் உவர்நீர் புகுந்தபோது இப்பிரச்சினை வேறு உருக்கொண்டது. 1978-இல் போர்ட் பிளேரில் நிறுவப்பெற்ற மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார், தாழ்ந்த வயலை வெட்டி, எடுத்த மண்ணை நாலைந்து மீட்டர் அகலப் பாத்திகளாக உயர்த்தி, இடையில் ஆழ்ந்த அகன்ற வாய்க்கால் விடும் முறையைப் பரப்பினர். பருவமழை பாத்தியின் உப்பைக் கழுவிக் கீழிறக்குகிறது. மேலே காய்கறி செழிக்கிறது. வாய்க்காலில் மீன் வளர, மழை ஓய்ந்த மாதங்களில் அந்த நீரையே குடியானவன் முகந்து பாத்திக்கு வார்க்கிறான்.