மதிலுக்கு வெளியே இருந்த விஷம்

18-ம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் வேடந்தாங்கல் விவசாயிகள் செங்கல்பட்டு கலெக்டரிடம் ஒரு புகாரோடு போனார்கள். ஏரியில் இறங்கும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்பதுதான் புகார். கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். விவசாயிகள் கேட்டது வெறும் இரக்கத்தால் இல்லை. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை வந்தால் நெல் நன்றாக விளையும். கணக்கு அவ்வளவுதான்.

நான் வேலை பார்க்கும் அம்பத்தூரும் நெடுங்காலம் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர்தான். 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. ஏரி பாசனம் கொடுத்த வயல்கள் மெல்ல மெல்ல மனைகளாயின. ஏரி மட்டும் இன்னும் இருக்கிறது, கொக்குகளும் வருகின்றன. கரையில் வேலி போட்டுவிட்டால் அவை பத்திரம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கொக்கு ஒரே இடத்திலா சாப்பிடுகிறது? இறங்குவது ஓர் ஊரில், இரை தேடுவது இன்னோர் ஊரில். இதற்கு என்ன விலை என்பதை ராஜஸ்தானின் பரத்பூர் காட்டியது.

பரத்பூரின் கேவலாதேவ் 1982-ல் தேசியப் பூங்காவானது, 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம். சுமார் 29 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் மதில். அதைவிடப் பத்திரமான இடம் ஒரு நீர்ப்பறவைக்கு இந்தியாவில் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அங்கேதான் 1987-88க்கும் 1989-90க்கும் நடுவில் 18 சாரஸ் கொக்குகள் செத்துக் கிடந்தன. தானியம் தின்னும் புறாக்கள் சிலவும் செத்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் இருந்த எஸ். முரளிதரன் அந்த உடல்களைப் பரிசோதித்தார். திசுக்களில் இருந்தது டைஎல்ட்ரின். சுற்றியுள்ள வயல்களில் விவசாயிகள் பயன்படுத்தியது ஆல்ட்ரின்.

பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு. கரையான் மாதிரியான மண்புழுச்சிகளைக் கொல்லப் போடும் ஆல்ட்ரின், உடலுக்குள் போனதும் டைஎல்ட்ரினாக மாறி கொழுப்பில் தங்கிவிடும். கொக்கு மதிலைத் தாண்டி வயலில் தானியம் பொறுக்கும், திரும்பி வந்து பூங்காவுக்குள் சாகும். பூங்காவில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. விவசாயியும் கொக்கைக் கொல்ல நினைக்கவில்லை, கரையானைத்தான் நினைத்தார். முரளிதரனின் ஆய்வு 1993-ல் வெளியானது. இந்தியா ஆல்ட்ரினை 1996-ல் தடை செய்தது.

சரி, தடை வந்துவிட்டது, கதை முடிந்ததா? இல்லை. வருடக்கணக்கில் மண்ணில் தங்கும் ஆல்ட்ரின், டிடிடி வகையறாக்களின் இடத்தில், சீக்கிரம் சிதைந்துபோகும் மோனோகுரோட்டோபாஸ் போன்றவை வந்தன. கொழுப்பில் சேராது, அது நல்லதுதான். ஆனால் நரம்பில் ஒரு சிக்னல் போய்ச் சேர்ந்ததும் அதை அணைத்துவைக்க ஒரு நொதி உண்டு. இவை அந்த நொதியையே முடக்கும். சிக்னல் நிற்காது, மூச்சு நிற்கும். அமெரிக்காவில் மோனோகுரோட்டோபாஸ் 1988-லேயே சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 1995-96 பருவத்தில் அர்ஜென்டினா விவசாயிகள் வெட்டுக்கிளிக்கு அதைத் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு அங்கே போன ஸ்வெயின்சன் பருந்துகள் வெட்டுக்கிளியைத் தின்று விழுந்தன. சுமார் 20,000 பருந்துகள் என்று மதிப்பிட்டார்கள். சொந்த நாட்டில் விலக்கிய விஷத்தைத் தேடிப் பறந்துபோய்ச் செத்த மாதிரி ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் மயில் கதை இன்னும் சிக்கலானது. மயில் விதையைக் கிளறும், நாற்றை மிதிக்கும். தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைத் தொட்டால் சிறை. ஆனால் நாசமான விதைக்கு யார் பொறுப்பு? இந்த இடைவெளியில்தான் விஷம் கலந்த தானியம் வயலோரம் வைக்கப்படுகிறது. பரத்பூரில் தெரியாமல் நடந்தது இங்கே தெரிந்தே நடக்கிறது. வைப்பவரை நியாயப்படுத்த முடியாது. ஆனால் கைது மட்டும் போதும் என்பவர்கள் ஒரு போகத்துக்கு விதை வாங்கிப் பார்க்கட்டும்.

2023 தொடக்கத்தில் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு பூச்சிமருந்துகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது. காரணம் தற்கொலைகள். அதுவே போதுமான காரணம், மறுக்கவில்லை. மனிதனைக் காப்பாற்றும் தடை பறவையையும் காப்பாற்றும். ஆனால் ஒரு மருந்தின் பெயரை நீக்கினால் கடை அலமாரியில் அடுத்த பெயர் வந்து நிற்கும். ஆல்ட்ரினுக்குப் பிறகு நடந்தது அதுதான்.

வேடந்தாங்கல் கவுலில் எனக்குப் பிடித்தது, அதைக் கேட்டு வாங்கியவர்கள் வயலுக்குச் சொந்தக்காரர்கள் என்பது. பறவை வந்தால் அவர்களுக்கு லாபம். பரத்பூரில் மதில் எழுப்பியவர்கள் அந்தப் பக்கத்து விவசாயியோடு எந்தக் கணக்கும் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு நம் சட்டமும் மயிலோடு மட்டும்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பயிர் இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வரும் வரை, பறவை விவசாயியின் கணக்கில் செலவாகவே இருக்கும்.