காலிப்பர் செய்யும் கைகளைப் பழக்கியது யார் காசு?

மும்பைத் தமிழர்களில் ஹாஜி அலி வழியாகப் பஸ்ஸில் போகாதவர்கள் குறைவு. எல்லோரும் கடல் பக்கம் திரும்பி தர்காவைப் பார்ப்போம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மத்திய அரசு நிறுவனம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1955ல் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு தொடங்கிய அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் அது. என் தொழிலின் சரித்திரத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

என் தொழில்? ஆர்த்தோடிஸ்ட். ஊருக்குப் போனால் "ஓ, ஆர்த்தோ டாக்டரா?" என்று கேட்பார்கள். டாக்டர் இல்லை. கால் போனவருக்குச் செயற்கைக்கால் செய்பவர் புரோஸ்தடிஸ்ட். இருக்கும் கால், கை, முதுகெலும்பு சரியாக வேலை செய்ய வெளியிலிருந்து தாங்கு கொடுப்பவர் ஆர்த்தோடிஸ்ட். நம் ஊரில் இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகள் காலில் இரும்புச் சட்டமும் தோல் பட்டையுமாக மாட்டியிருந்த காலிப்பர் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதைச் செய்தது எங்கள் ஆட்கள்தான். இந்தியாவில் இரண்டு வேலையையும் ஒரே படிப்பில்தான் சொல்லித் தருகிறார்கள்.

இந்தக் கைகளைப் பழக்க யார் செலவு செய்தார்கள் என்று பார்த்தால், அந்தக் கதை பட்டாளத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப்போரில் காலிழந்த சிப்பாய்களுக்காக 1944ல் புனேயில் செயற்கை அவயவ மையம் வந்தது. நாட்டிலேயே முதலாவது. போரில் காயம்பட்டவனை மறுபடி நடக்க வைப்பது அரசின் கடமை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால் காசும் வந்தது. பதினோரு வருஷம் கழித்து சாதாரண மக்களுக்காக மும்பை நிறுவனம் வந்தபோது உலக அமைப்புகள் கை கொடுத்தன.

நம் பக்கம் வேலூரில் கதை வேறு. 1946ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமல் காக்க, மெத்தென்ற ரப்பர் வைத்த காலணிகளைச் செய்ய வைத்தார். அங்கே செலவுக்கு வந்தது பெரும்பாலும் மிஷன்களின் பணம்.

உலக அளவில் 1968ல் டென்மார்க்கின் ஹோல்ட்டே நகரில் ஐ.நா. ஒரு கருத்தரங்கு கூட்டியது. இந்தத் தொழிலுக்கு என்ன பயிற்சி, எந்தத் தரத்தில் என்பதுதான் பேச்சு. இரண்டு வருஷத்தில், 1970ல், ஐ.எஸ்.பி.ஓ. என்ற சர்வதேச சங்கம் பிறந்தது.

அதே 1968ல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் ராம்சந்திர சர்மாவும் ஜெய்ப்பூர் காலை உருவாக்கினார்கள். சேத்தி எலும்பு சிகிச்சை நிபுணர். ராம்சந்திரர் பரம்பரைக் கைவினைஞர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். 1981ல் மகசேசே விருது டாக்டருக்கு வந்தது. கைவினைஞரின் பெயர் இன்றும் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இது ஒரு பழைய வலி.

1972ல் அரசு கான்பூரில் அலிம்கோ நிறுவனத்தைப் பதிவு செய்தது. காலிப்பர் பாகங்கள், மூட்டுகள், ஊன்றுகோல்கள் எல்லாவற்றையும் தொழிற்சாலையில் செய்யும் திட்டம். 1976ல் உற்பத்தி ஆரம்பம். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1975ல், கட்டாக் பக்கத்தில் ஒலத்பூர் என்ற கிராமத்தில் அலிம்கோவின் துணைப் பிரிவாக ஒரு பயிற்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள். பாகங்கள் வந்து குவிந்தால் போதாது, பொருத்த ஆள் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இந்தச் சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1984ல் அது தனி அமைப்பாகி, இன்று சுவாமி விவேகானந்தர் பெயரில் தேசிய நிறுவனமாக இருக்கிறது. கல்கத்தாவிலும் 1978ல் ஒரு தேசிய நிறுவனம் வந்தது.

1981ல் உபகரணங்களை இலவசமாகவோ மானியத்திலோ கொடுக்கும் 'அடிப்' திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் கவனம் மெல்லப் பொருள் பக்கம் சாய்ந்தது. முகாமில் எத்தனை காலிப்பர் கொடுத்தோம் என்பதைப் போட்டோ எடுக்கலாம். முழங்கால் பூட்டு அரை அங்குலம் தள்ளி விழுந்ததால் அந்தப் பிள்ளை அதைப் பரணில் போட்டுவிட்டது என்பதைப் போட்டோ எடுக்க முடியாது.

1992ல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்து, 1993ல் அமலானது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டறையில் பல வருஷம் கை தேய்ந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்காகக் குறுகிய காலப் 'பிரிட்ஜ் கோர்ஸ்' நடத்தினார்கள். பதிவு பெற்றவர்களுக்குத் தொடர் கல்வி வகுப்புகள் வந்தன. அவற்றை நடத்தும் நிறுவனங்களுக்குக் கவுன்சிலே நிதியுதவியும் கொடுத்தது. ராம்சந்திரர்களுக்கு எழுபதுகளில் கிடைக்காத ஒரு வாசல் இது.

வெளிநாட்டு அறக்கட்டளைகளும் உண்டு. இலங்கையில் 2004ல் ராகமவில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்கு ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை நிதி கொடுத்தது. போர் ஓயாத நாட்டில் அந்தப் பள்ளிக்கு எவ்வளவு தேவை இருந்தது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி ஒரு தடவை போதாதா? போதாது. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டதுதான் இந்தியாவின் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி. 2014 மார்ச்சில் நம் பகுதி போலியோ இல்லாதது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கொண்டாட வேண்டிய விஷயம். ஆனால் இரும்பும் தோலும் பழகிய ஒரு தலைமுறையின் வேலை மாறிப்போனது. இன்று வருபவர்கள் மூளை முடக்குவாதக் குழந்தைகள், பக்கவாதம் வந்த பெரியவர்கள், சர்க்கரைப் புண் பாதங்கள். இப்போது காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, அச்சைத் திருத்தி, பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் இளக்கி, காற்றை உறிஞ்சி அதன் மேல் படிய வைக்கிறோம். வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்கு பொன்செட்டி முறையில் மாவுக்கட்டுகள் போட்டுப் பாதத்தை நேராக்கிய பிறகு, முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் பிரேஸ் போட வேண்டும். பிறகு நான்கைந்து வயது வரை தூங்கும்போது மட்டும். பிரேஸ் உறுத்தினால் அம்மா கழற்றிவிடுவாள். பாதம் மறுபடி வளையும். பழைய பாடத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில் பல லட்சத்துக்குப் புது மெஷின் வாங்கினார்கள். அதைக் கற்றுக்கொள்ள மூன்று நாள் பயிற்சி கேட்டேன். சொந்த லீவில், சொந்தச் செலவில் போகச் சொன்னார்கள். போனேன். என்னோடு வேலை பார்த்த, குடும்பம் பெரிதான ஒருவரால் போக முடியவில்லை. அவர் கையில் வந்த நோயாளிகளுக்குப் பழைய வித்தைதான் கிடைத்தது. பட்டாளம், ஐ.நா., மிஷன், அரசு, அறக்கட்டளை என்று யாராவது செலவை ஏற்றபோதெல்லாம் இந்தத் தொழில் ஒரு படி ஏறியிருக்கிறது. தொழிலாளியின் பையிலிருந்து எடுக்கச் சொன்னபோது நின்ற இடத்திலேயே நின்றது.

உங்கள் வீட்டில் யாருக்காவது பிரேஸ் தேவைப்பட்டால் செய்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார் என்றும் கேளுங்கள். நல்லவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். பிளஸ் டூ அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பி.பி.ஓ. படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்: பயிற்சிக்காலத்தோடு நாலரை வருஷம். ஒலத்பூர், கல்கத்தா வரை போக வேண்டுமென்பதில்லை, வேலூரிலும் முட்டுக்காட்டிலும் இருக்கிறது.