குடத்திலிருந்து கூம்புக்கு: வீணையொலி பெருகிய வரலாறு

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, காப்பியம் பற்றியோ கவிதை பற்றியோ எழுதுவேன் என்றே அன்பர்கள் எதிர்பார்த்திருப்பர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒலிபெருக்கி. நம் கூட்டங்கள் யாவும் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்னும் கடவுள் வாழ்த்துடன்தான் தொடங்குகின்றன என்பதை நாம் அறிவோம். கவிஞரின் குரல் கடைசி வரிசைக்குச் சென்று சேர்வது யாப்பின் வலிமையால் மட்டும் அன்று. மேடையோரத்தில் கிடக்கும் அந்தக் கருப்புப் பெட்டியாலும்தான். எனினும் அப்பெட்டியின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மென்மையான ஒலியுடைய வீணையை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றைக் காண்பதும், அதனைக் கையாளும் நெறியை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். இந்நெறியை நான் கற்ற விதம் பெருமைக்குரியது அன்று. அதனையும் உரிய இடத்தில் கூறுவேன்.

பத்தரும் குடமும்

ஒலியைப் பெருக்கும் முயற்சி மின்சாரத்தோடு பிறந்தது அன்று. நரம்பு ஒன்று தனியே அதிர்ந்தால் அது அசைக்கும் காற்று மிகச் சிறிது. அந்த அதிர்வை அகன்ற பரப்பு ஒன்றுக்கு மாற்றினால்தான் செவிக்கு எட்டும் ஒலி பிறக்கும். பழந்தமிழர் யாழுக்குத் தோல் போர்த்த பத்தர் அமைத்தது இதன் பொருட்டே. விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்' இக்கருவிகளின் அமைப்பையும் இசைக்கணக்கையும் விரிவாக ஆராய்கிறது. வீணையில் அப்பணியைச் செய்வது பலா மரத்தில் குடைந்தெடுத்த குடம். தந்தியின் அதிர்வு குதிரை வழியே மேற்பலகையை அடைந்து, குடத்தினுள் உள்ள காற்றை அசைத்து வெளிவருகிறது. எனவே குடமே வீணையின் முதல் ஒலிபெருக்கி எனலாம்.

அக்கால அரங்கின் அளவும் இக்கருவிகளுக்கு இசைந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய ஆடரங்கைக் கூறுகிறது. ஒரு கோல் என்பது 24 விரல். விரலை முக்கால் அங்குலமாகக் கொண்டால், அரங்கு ஏறத்தாழப் பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி. இன்றைய வீட்டின் கூடம் ஒன்றின் அளவுதான். கருவியும் அரங்கும் ஒன்றை ஒன்று அறிந்திருந்த காலம் அது.

தனம்மாளின் வெள்ளிக்கிழமைகள்

இந்த இசைவின் கடைசி ஒளி வீணை தனம்மாள் (1867–1938) எனத் தோன்றுகிறது. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவருடைய இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை ஒலித்தது. கேட்க வந்தோர் வாய் திறவாது அமர்ந்திருந்தனர். சிறு ஓசையும் அந்த இசையைக் குலைத்துவிடும் என்பதை அவர்கள் அறிவர். அங்கே பெருக்கியது கருவி அன்று. கேட்போரின் அமைதியே ஒலியைப் பெருக்கியது. கேட்பவர் வீணையைத் தேடிச் சென்ற காலம் அது. பின்னர் வீணை கேட்பவரைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

அதற்கான காரணங்கள் தெளிவானவை. சபைகள் பெருகின; அரங்குகள் அகன்றன. சென்னை மியூசிக் அகாதெமி 1928இல் தோன்றியது. தனம்மாள் மறைந்த அதே 1938ஆம் ஆண்டில்தான் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றோர் எட்டாத உயரத்திற்குக் குரலை ஏற்றிக் கடைசி வரிசையை எட்டினர். நாகசுரம் திறந்த வெளியிலும் தெருக்கோடி வரை கேட்கும். வீணைக்கு அத்தகைய வலிமை இல்லை. மின்சாரத்தின் துணை அதற்குத் தேவைப்பட்டது.

மின்னின் வருகை

அத்துணை மேலை நாட்டில் முன்னரே உருவாகி வந்தது. பிரான்சின் கியூரி உடன்பிறப்புகளான ஜாக்கும் பியரும் 1880இல், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்று மின்முனை கொண்ட வால்வை அமைத்தார்; மெல்லிய மின்குறியைப் பெருக்கும் ஆற்றல் அதனால் கிடைத்தது. 1919இல் சான் டியாகோ நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ஏறத்தாழ 50,000 பேர் முன்னிலையில் ஒலிபெருக்கி வழியே பேசினார். 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியின் அமைப்பை விளக்கி வெளியிட்டனர். இன்றும் நம் மேடைகளில் முழங்குவது பெரும்பாலும் அக்கூம்பின் வழித்தோன்றலே. 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின் பெட்டியின் எடையும் சூடும் குறைந்தன.

கிதார் இசைஞர்கள் இதனை முதலில் பற்றிக்கொண்டனர். 1930களின் தொடக்கத்திலேயே காந்தச் சுருள் பொருத்திய மின்கிதார் விற்பனைக்கு வந்தது. அதற்கென அமைந்த பெருக்கிகள் ஒலியைத் தம் விருப்பப்படி திரிப்பவை. மிக உயர்ந்த அதிர்வுகளைக் கழிப்பவை. மரக்கருவியின் இயல்பொலியை மாற்றாது தர வேறு வகைப் பெருக்கி வேண்டியிருந்தது. உயர் அதிர்வுகளுக்கெனத் தனிச் சிற்றொலிபெருக்கியும், குரலுக்கெனத் தனி வழியும், ஊளையை அடக்கும் திருகும் கொண்ட அக்கூஸ்டிக் பெருக்கி அவ்வாறு உருவானதே. வீணைக்கு உகந்ததும் அதுவே.

தொடு ஒலிவாங்கியும் இசையின் மாற்றமும்

கியூரி உடன்பிறப்புகள் கண்ட படிக இயல்பே வீணையின் மேற்பலகையில் ஒட்டப்படும் 'கான்டாக்ட் மைக்' ஆக இன்று பயன்படுகிறது. இது காற்றின் அசைவைக் கேட்பதில்லை. மரத்தின் நடுக்கத்தை உணர்கிறது. ஆகவே மிருதங்கத்தின் அருகிலும் வீணை மட்டுமே இதன் வழி ஒலிக்கும்.

இவ்வுதவி இசையையே மாற்றியது என்பது நோக்கத்தக்கது. ஒலி விரைவில் தேயும் கருவியில் கலைஞர் அடிக்கடி மீட்ட வேண்டும். பெருக்கி துணைசெய்தால் ஒரே மீட்டில் நீண்ட கமகத்தை இழுத்துக் காட்டலாம். யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மேண்டலினில் கருநாடக இசையின் நெளிவுகளை நிலைநாட்டியது இதற்குத் தக்க சான்று. இழப்பும் உண்டு. மரத்தின் நடுக்கம் மட்டுமே கேட்கும்போது, குடத்தைச் சூழ்ந்த காற்றின் கனிவு குறைந்து ஒலி வறண்டுவிடுகிறது. தொடு ஒலிவாங்கியோடு, குடத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி தள்ளி ஓர் ஒலிவாங்கியையும் வைத்து இரண்டையும் கலப்போர் இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றனர்.

ஓர் அனுபவம்

2011ஆம் ஆண்டு, ஒரு கல்லூரியின் முத்தமிழ் விழா. என் மாணவி ஒருத்தி வீணை வாசிக்க வேண்டும். அரங்கம் நிறைந்துவிட்டது. பெருக்கியிலோ ஓயாத 'ஹம்' என்னும் இரைச்சல். ஒலியமைப்பில் உதவியவர் பிளக்கின் மூன்றாவது முள்ளைக் கழற்றிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்றார். என்னைப் பார்த்தார். நேரமாகிறது என்ற தவிப்பில் நான் தலையசைத்தேன். இரைச்சல் நின்றது. அனைவரும் மகிழ்ந்தோம்.

இரண்டாம் உருப்படிக்கு முன் அம்மாணவி ஒரு கையால் பெருக்கியின் உலோக முகப்பைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அறிவிப்பு ஒலிவாங்கியை நகர்த்தினாள். அடுத்த கணம் அலறியபடி பின்னே சாய்ந்தாள். பெருக்கியினுள் காப்புறை கெட்டிருந்தது. கசிந்த மின்சாரம் நிலத்துக்குப் போகும் வழியை நாங்களே அடைத்துவிட்டிருந்தோம். அது அவள் உடல் வழியே, நிலத்தொடர்புள்ள ஒலிவாங்கிக்குப் பாய்ந்தது. கை உடனே விடுபட்டதால் உயிர் பிழைத்தாள். வீணையின் சுரைக்காய் உடைந்தது. சில நாள் விரல்கள் மரத்திருந்தன என்று பின்னர் அவள் சொன்னபோது, "அம்மா, நீங்கள் வருந்தாதீர்கள்" என்றும் சேர்த்துச் சொன்னாள். அச்சொல்லே என்னை இன்றளவும் உறுத்துகிறது. 1972இல் இங்கிலாந்தின் அண்டை நாடான வேல்சில், ஸ்வான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்னும் கிதார் கலைஞர் ஒலிவாங்கியைத் தொட்டு மின்தாக்கி இறந்ததைப் பின்னரே படித்தறிந்தேன். முன்னரே அறிந்திருந்தால் அன்று தலையசைத்திருக்க மாட்டேன்.

கையாளும் நெறி

அதன் பிறகு கற்றவற்றை வட்டத்து அன்பர்களுக்குத் தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, நிலத்தொடர்பு. மூன்று முள் பிளக்கின் பெரிய முள் நம் உயிர்க்காப்பு. எக்காரணம் கொண்டும் அதனைக் கழற்றவோ ஒடிக்கவோ கூடாது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. பெட்டிகள் வெவ்வேறு இடங்களில் நிலத்தொடர்பு பெறும்போது எழும் சுற்றோட்டமே பெரும்பாலும் அந்த இரைச்சலுக்குக் காரணம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே மின்பலகையில் இணைத்தால் இது பெரும்பாலும் தணியும். தணியாவிடின், ஒலிக்கம்பி வழியில் 'டி.ஐ.' பெட்டி வைத்து, அதிலுள்ள நிலத்தொடர்பு விலக்கும் விசையைப் பயன்படுத்தலாம். மாற்றம் ஒலிக்கம்பியில் நிகழலாம். மின்கம்பியில் ஒருபோதும் நிகழலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு விசை அரங்கில் உள்ளதா என்றும் கேட்டறிய வேண்டும். மழைக்காலப் பந்தலில் ஈரக் கையோடு எதையும் தொடலாகாது.

இரண்டாவது, வரிசை. ஒலியளவைச் சுழியில் வைத்து, கருவியின் கம்பியை இணைத்து, பின்னரே பெருக்கியை இயக்குக. ஒலியை மெல்ல ஏற்றுக. முடிக்கும்போது ஒலியைக் குறைத்து, பெருக்கியை நிறுத்தி, அதன்பின் கம்பியைக் கழற்றுக. வால்வு பெருக்கியை ஒலிபெருக்கி இணைக்காமல் இயக்கக் கூடாது. அணைத்த பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் ஆதலின் மூடியைத் திறக்கலாகாது.

மூன்றாவது, இடம். தொடு ஒலிவாங்கியைக் குதிரைக்கு மிக அருகில் ஒட்டினால் மீட்டின் ஓசை மிகும். மிக விலகினால் ஒலி பொள்ளலாகும். சில இடங்களில் வைத்துப் பார்த்துத் தேர்க. மெருகைக் கெடுக்காத, எளிதில் அகலும் பசையே உகந்தது. படிக ஒலிவாங்கியை நேரே அரங்கக் கலவைப் பெட்டியில் செருகினால் ஒலி மூக்கடைத்தது போலிருக்கும். அதற்கு ஏறத்தாழப் பத்து லட்சம் ஓம் அளவிலான உள்வாங்கு தடையுடைய முன்பெருக்கி தேவை.

நான்காவது, ஊளை. கூம்பின் ஒலி மீண்டும் கருவியை அதிரச் செய்து வட்டமாகச் சுழல்வதே ஊளை. வீணையின் குடம் தனக்கு இயல்பான சுருதியிலேயே ஊளையிடும். ஒலிபெருக்கியைக் கலைஞருக்கு முன்னே சற்றுப் பக்கவாட்டில், அவையை நோக்கி வைக்க வேண்டும். தாழ் ஒலியைச் சற்றுக் குறைத்து, ஊளையிடும் அந்த ஓர் அதிர்வை மட்டும் வெட்டினால் போதும். முழு ஒலியையும் மழுக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, அளவு. செவிக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆதலின் வாட் எண்ணிக்கையை ஏற்றுவதால் பயன் சிறிது. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் இருப்பதே செவிக்கு எல்லை; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும் என்பது வல்லுநர் வகுத்த அளவு.

நிறைவுரை

குடத்தில் தொடங்கிய பெருக்கம் கூம்பில் வந்து நிற்கிறது. இடையில் வந்த ஒவ்வொரு கருவியும் வீணைக்குச் சிலவற்றைக் கொடுத்தது, சிலவற்றை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவற்றுள் பெரிது, கேட்போரின் அமைதி. ஒலி தானாக வந்து சேரும் என்ற உறுதி பிறந்ததும் நாம் செவி சாய்ப்பதை விட்டுவிட்டோம். இது கவியரங்கத்துக்கும் பொருந்தும் என்பதைக் கவிஞர் பெருமக்கள் என்னினும் நன்கறிவர்.

அம்மாணவி இன்று வீணை ஆசிரியை. புதிய சுரைக்காய் பொருத்திய அதே வீணையில்தான் கற்பிக்கிறாள். அவளிடம் பயிலும் சிறுவர், தந்தியைத் தொடுமுன் பிளக்கின் மூன்று முள்ளையும் எண்ணிப் பார்க்கின்றனர். நம் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்குமுன், நாமும் ஒருமுறை குனிந்து அந்த மூன்றாவது முள்ளைப் பார்ப்போமாக.