விளையாட்டரங்கப் பெயருரிமை

விளையாட்டரங்கப் பெயருரிமை என்பது ஒரு விளையாட்டரங்கத்திற்கோ அதன் ஒரு பகுதிக்கோ பெயர் சூட்டும் உரிமையை, அதன் உரிமையாளர் கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு நிறுவனத்திற்குக் குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கும் ஒப்பந்த ஏற்பாடு ஆகும். இவ்வுரிமையைப் பெறும் நிறுவனம் அரங்கத்தின் நிலத்தையோ கட்டடத்தையோ பெறுவதில்லை. பெயரை மட்டுமே பெறுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அப்பெயரும் நீங்கிவிடும்.

அரங்கம் ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கக் கூடியது. பெயருரிமை ஒப்பந்தங்களோ பெரும்பாலும் பத்து முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கே செய்யப்படுகின்றன. ஒப்பந்தம் செய்த நிறுவனம் அதற்கு முன்பே நொடித்துப்போவதும் உண்டு. பல அரங்கங்கள் அரசு நிலத்தில் அல்லது அரசின் நிதியுதவியுடன் கட்டப்படுவதால், பெயரை விற்பதா, அல்லது ஊருக்கோ ஒரு தலைவருக்கோ ஒரு விளையாட்டு வீரருக்கோ உரியதாக வைப்பதா என்பது பொதுநலன் சார்ந்த கேள்வியாகவும் அமைகிறது.

பெயரிடலின் வகைகள்

விளையாட்டரங்கங்களின் பெயர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. இடப்பெயர்: அரங்கம் அமைந்துள்ள ஊரின் அல்லது பகுதியின் பெயர். சேப்பாக்கம், மொட்டேரா ஆகியவை மக்கள் வழக்கில் இவ்வாறு நிலைத்தவை.
2. சிறப்புப் பெயர்: தலைவர், விளையாட்டு வீரர் அல்லது விளையாட்டு நிருவாகி ஒருவரின் நினைவாகச் சூட்டப்படுவது. சென்னையில் உள்ள ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் இதற்கு எடுத்துக்காட்டாகும்.
3. உடைமைப் பெயர்: அரங்கத்தைக் கட்டி உடைமையாக வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர். திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகரில் உள்ள இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவன மைதானம் இவ்வகையைச் சேர்ந்தது.
4. வணிகப் பெயர்: கட்டணம் செலுத்திப் பெறப்படுவது. இக்கட்டுரை முதன்மையாக இவ்வகையைப் பற்றியதாகும்.

மூன்றாவது, நான்காவது வகைகளை ஒன்றாகக் கருதக் கூடாது. சொந்த இடத்திற்குத் தன் பெயரை வைப்பதற்கு எவருடனும் ஒப்பந்தம் தேவையில்லை. பிறர் இடத்திற்குத் தன் பெயரை வைப்பதற்கு ஒப்பந்தம் இன்றியமையாதது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டு பஃபலோ நகரின் புதிய அரங்கத்திற்கு ரிச் என்னும் உணவுப்பொருள் நிறுவனம் 25 ஆண்டுகளுக்கு 1.5 மில்லியன் டாலர் செலுத்திப் பெயர் சூட்டியது. தற்கால முறையிலான பெயருரிமை ஒப்பந்தங்களுக்கு இது தொடக்கமாகக் கருதப்படுகிறது. 2021 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கம், 20 ஆண்டுகளுக்கு சுமார் 700 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தின் கீழ் ஒரு மறையீட்டு நாணய நிறுவனத்தின் பெயருக்கு மாறியது.

பெயர் வாங்கிய நிறுவனம் வீழ்ந்தால் அரங்கத்தின் பெயரும் வீழ்கிறது. ஹூஸ்டன் நகரில் 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அடிபந்தாட்ட அரங்கம் என்ரான் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அந்நிறுவனம் நொடித்துப்போனதைத் தொடர்ந்து, அங்கு விளையாடும் அணியே 2002 ஆம் ஆண்டில் சுமார் 2.1 மில்லியன் டாலர் கொடுத்துப் பெயருரிமையைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. மயாமி நகர அரங்கத்திற்கு 2021 இல் 19 ஆண்டுகளுக்குப் பெயர் சூட்டிய எஃப்டிஎக்ஸ் நிறுவனம் 2022 நவம்பரில் நொடித்தது. 2023 ஆம் ஆண்டிலேயே அவ்வரங்கம் வேறு நிறுவனத்தின் பெயரைப் பெற்றது.

இந்தியாவில்

இந்தியாவில் பெரிய அரங்கங்கள் பெரும்பாலும் தலைவர்களின் பெயர்களையே தாங்கியுள்ளன. வணிகப் பெயருரிமை சில இடங்களில் முயன்று பார்க்கப்பட்டுள்ளது.

ஐதராபாத் உப்பல் பகுதியில் கட்டப்பட்ட துடுப்பாட்ட அரங்கத்தின் பெயருரிமையை விசாகா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் பெற்றிருந்தது. பின்னர் அவ்வரங்கத்திற்கு ராஜீவ் காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. இதனால் எழுந்த பிணக்கு நடுவர் தீர்ப்பாயம் வரை சென்றது.

புனே அருகே ககுஞ்சே என்னுமிடத்தில் மகாராட்டிரத் துடுப்பாட்டச் சங்கம் கட்டிய அரங்கம் 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இலண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் கட்டடக்கலை நிறுவனம் இதனை வடிவமைத்தது. சுமார் 208 கோடி ரூபாய்க்குச் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி இது சுப்ரதா ராய் சகாரா அரங்கம் எனப் பெயரிடப்பட்டது. தொகை செலுத்துவது தொடர்பான பிணக்கில் 2013 ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அரங்கம் மீண்டும் சங்கத்தின் பெயராலேயே அழைக்கப்படலாயிற்று. கட்டுமானச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட பெயர் இரண்டு ஆண்டுகள் கூட நீடிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தில்லியின் பெரோசா கோட்லா அரங்கம் 2019 இல் அருண் ஜெட்லி அரங்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அகமதாபாத்தின் மொட்டேரா அரங்கம் மீளக் கட்டப்பட்ட பின் 2021 பிப்ரவரியில் நரேந்திர மோதி அரங்கம் என்று பெயரிடப்பட்டது. அரங்கத்தின் பெயர் தலைவருடையதாக இருக்க, அங்கு பந்துவீச்சு முனைகள் தொழில் குழுமங்களின் பெயர்களால் அழைக்கப்படுகின்றன. முழுமையை விற்காமல் பகுதியை மட்டும் வணிகப் பெயருக்கு அளிக்கும் முறைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

தமிழ்நாட்டில்

சென்னை சேப்பாக்கம் அரங்கம், இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன்னாள் தலைவர் எம். ஏ. சிதம்பரத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. இதன் நிலம் அரசுக்குச் சொந்தமானது. தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் அதனைக் குத்தகைக்குப் பெற்றுள்ளது. 2023 மார்ச்சில் புதிதாகக் கட்டப்பட்ட ஒரு பார்வையாளர் மாடத்திற்குக் கலைஞர் மு. கருணாநிதியின் பெயர் சூட்டப்பட்டது.

மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கட்டப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம், கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் என்ற பெயரில் 2024 சனவரியில் திறக்கப்பட்டது. மதுரை சிந்தாமணியில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட துடுப்பாட்ட அரங்கம், அதனைக் கட்டிய வேலம்மாள் கல்வி நிறுவனத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. முன்னது அரசு சூட்டிய சிறப்புப் பெயர். பின்னது உடைமைப் பெயர்.

ஓசூர் எல்லைப் பகுதி

கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர், கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள தொழில் நகரமாகும். இங்கு சிப்காட் தொழிற்பேட்டையும், டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய நிறுவனங்களின் தொழிற்சாலைகளும் அமைந்துள்ளன. 2019 ஆம் ஆண்டு ஓசூர் மாநகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்டது. நிறுவனங்கள் செறிந்த இத்தகைய நகரங்களில் பெயருரிமைக்கு வாங்குவோர் இருப்பது இயல்பு.

பெயருரிமையின் அண்மைய எடுத்துக்காட்டுகள் இப்பகுதியிலேயே உள்ளன. 2025 ஆகத்தில் திறக்கப்பட்ட பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம், ஓசூர் சாலையை ஒட்டி பொம்மசந்திரா வரை செல்கிறது. இத்தடத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கோணப்பன அக்ரகாரா, பயோகான் ஹெப்பகோடி, டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா என மூன்று நிலையங்கள் நிறுவனப் பெயர்களைத் தாங்கியுள்ளன. மூன்றிலும் ஊர்ப்பெயர் நீக்கப்படவில்லை. நிறுவனப் பெயர் அதற்கு முன்னொட்டாகவே சேர்க்கப்பட்டுள்ளது. நாளை நிறுவனப் பெயர் நீங்கினாலும் பயணிகளுக்கு நிலையத்தின் அடையாளம் மாறாது.

இதே சாலையை ஒட்டிய பொம்மசந்திரா சூர்யா நகரில் 80,000 பேர் அமரும் அரங்கத்துடன் கூடிய விளையாட்டு வளாகம் ஒன்றை அமைக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அரசு 2025 ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது.

தொழில் நகர அரங்கங்களுக்கு முந்தைய எடுத்துக்காட்டாக சார்க்கண்டு மாநிலத்தின் சம்செட்பூரைக் கூறலாம். அங்குள்ள கீனன் அரங்கம் டாட்டா உருக்காலையின் பொது மேலாளராக இருந்த ஜான் கீனனின் பெயரையும், ஜே. ஆர். டி. டாட்டா விளையாட்டு வளாகம் குழுமத் தலைவரின் பெயரையும் தாங்கியுள்ளன. நகரத்தை உருவாக்கிய நிறுவனம் தன் வணிகப் பெயரைச் சூட்டாமல் தன் மனிதர்களின் பெயர்களைச் சூட்டியுள்ளது.

சட்டக் கூறுகள்

2013 ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம், பிரிவு 135 இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தமது மூன்று ஆண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊரக விளையாட்டுகள், தேசிய அளவில் ஏற்கப்பட்ட விளையாட்டுகள், ஒலிம்பிக் விளையாட்டுகள் ஆகியவற்றுக்கான பயிற்சியும் இப்பணிகளில் அடங்கும். எனினும், நிறுவனத்தின் பொருட்களுக்கோ சேவைகளுக்கோ சந்தை ஆதாயம் தேடிச் செய்யப்படும் விளம்பர ஆதரவு இப்பணியாகக் கொள்ளப்படாது என விதிகள் 2021 இல் தெளிவுபடுத்தப்பட்டன. எனவே விளம்பர நோக்கில் பெயருரிமை வாங்கும் நிறுவனம் அதற்கான தொகையைத் தன் விளம்பரச் செலவிலிருந்தே தர வேண்டும். கொடைக்கும் வணிகத்திற்கும் இடையேயான இவ்வேறுபாடு ஒப்பந்தம் எழுதும் முன்பே தீர்மானிக்கப்பட வேண்டியதாகும்.

பன்னாட்டுப் போட்டிகளின்போது வணிகப் பெயர்கள் மறைக்கப்படுவதும் உண்டு. மியூனிக் நகரின் அலியான்சு அரங்கம் 2006 உலகக்கோப்பைக் காற்பந்துப் போட்டிகளின்போது வேறு பெயரால் அழைக்கப்பட்டது. உலகமே பார்க்கும் நாட்களில் பெயர் தெரியாது என்பதால், இதற்குரிய விதி ஒப்பந்தத்தில் இடம்பெறுதல் அவசியம்.

ஒப்பந்தத்தில் பொதுவாக இடம்பெறுபவை:

- காலம், கட்டணம், தவணைகள்
- கட்டணம் தவறினால் பெயரை நீக்கும் முறையும், நீக்கும் செலவை ஏற்பவரும்
- நிறுவனம் நொடித்தால் அல்லது வேறு நிறுவனத்துடன் இணைந்தால் பின்பற்ற வேண்டியவை
- மாடங்கள், நுழைவாயில்கள், முனைகள் ஆகியவற்றுக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு என்பது
- வருவாயில் பராமரிப்புக்கு ஒதுக்கப்படும் பங்கு

வடிவமைப்பும் பெயரும்

நிறுவனப் பெயர் மாறக் கூடியது என்பதால், கட்டடத்தின் அடையாளம் பெயர்ப்பலகையைச் சாராமல் அதன் வடிவத்தைச் சார்ந்திருப்பது நல்லது. மியூனிக் அரங்கத்தின் புறச்சுவர் காற்று நிரப்பிய 2,700க்கும் மேற்பட்ட நெகிழ்மத் திண்டுகளால் ஆனது. அது அன்று விளையாடும் அணியின் நிறத்தில் ஒளிர்கிறது. பெயர் மறைக்கப்பட்ட நாளிலும் அரங்கத்தை எவரும் அடையாளம் காண முடிகிறது. சேப்பாக்கத்தில் 2011 உலகக்கோப்பைக்காக மேற்கொள்ளப்பட்ட புதுப்பிப்பையும் ஹாப்கின்ஸ் நிறுவனமே வடிவமைத்தது. பார்வையை மறைத்த தூண்களுடன் கூடிய பழைய கற்காரைக் கூரைக்கு மாற்றாக, வடங்களால் தாங்கப்படும் ஒளிபுகு மென்படலக் கூரை அமைக்கப்பட்டது. மாடங்களுக்கு இடையே கடற்காற்று நுழைய இடைவெளியும் விடப்பட்டது. அரங்கத்தின் உருவத்திற்கு இன்று அக்கூரையே அடையாளமாக உள்ளது.

இருக்கைகளின் அமைப்பில் பார்வை இடைவெளி முதன்மையானது. பின்னிருப்பவரின் பார்வைக்கோடு முன்னிருப்பவரின் கண்ணுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் செல்கிறது என்பதே இது. இதனைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

பா = தூ × (உ + ப) ÷ (தூ + அ) − உ

இதில் பா என்பது பார்வை இடைவெளி. தூ என்பது முன்னிருப்பவரின் கண்ணிலிருந்து களத்தின் நோக்குப் புள்ளிக்குள்ள கிடைத்தூரம். உ என்பது அப்புள்ளியிலிருந்து அக்கண்ணின் உயரம். ப என்பது படியின் உயரம். அ என்பது படியின் அகலம். தூ 20 மீட்டர், உ 6 மீட்டர், அ 0.8 மீட்டர் எனக் கொண்டால், படி உயரம் 30 செ.மீ. ஆக இருக்கும்போது பார்வை இடைவெளி சுமார் 58 மி.மீ. ஆகும். படியை 35 செ.மீ. ஆக உயர்த்தினால் அது சுமார் 106 மி.மீ. ஆகிறது. 60 மி.மீ. குறைந்த அளவாகவும், 90 மி.மீ. விரும்பத்தக்க அளவாகவும் கொள்ளப்படுகின்றன. படியில் ஐந்து செ.மீ. கூட்டுவதால் கட்டடத்தின் உயரமும் செலவும் கூடும் என்றாலும், இக்குறையைக் கட்டிய பின் சரிசெய்வது மிகக் கடினம்.

வெளியேறும் வழிகள் இதனினும் இன்றியமையாதவை. 2025 சூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி அரங்கத்தின் வாயில்களுக்கு வெளியே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். அரங்கத்தின் கொள்ளளவு இருக்கைகளின் எண்ணிக்கையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. வாயில்கள், அவற்றை ஒட்டிய திறந்தவெளி, பேருந்து மற்றும் தொடர்வண்டி வசதி ஆகியவற்றாலும் தீர்மானிக்கப்படுகிறது.

ஓசூர் போன்று தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் மக்கள் சேர்ந்து வாழும் பகுதிகளில் வழிகாட்டிப் பலகைகளை எந்த மொழிகளில் எழுதுவது என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகும். நெரிசலின்போது வாயிலின் எண்ணும் நிறமும், பலகையில் உள்ள நிறுவனப் பெயரை விட விரைவாகப் புரியக் கூடியவை. எனவே வாயில்களை நிறுவனப் பெயரால் மட்டும் குறிப்பிடுவது தவிர்க்கப்பட வேண்டும்.

ஆதரவும் விமர்சனமும்

பெயருரிமை வருவாய், வரிப்பணத்தைச் சாராமல் அரங்கத்தைப் பராமரிக்க உதவுகிறது என்பது ஆதரிப்போர் வாதம். போட்டிகள் இல்லாத நாட்களிலும் மின்சாரம், புல்தரை, காவல் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. மக்கள் பணத்தில் கட்டிய பொதுச் சொத்துக்கு, செலவில் சிறு பங்கே ஏற்ற நிறுவனம் உரியவர் போலத் தோற்றமளிக்கிறது என்பது எதிர்ப்போர் வாதம். பெயர் அடிக்கடி மாறினால் ஊர் மக்களின் நினைவில் எப்பெயரும் தங்குவதில்லை என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, அரங்கத்தின் பெயரில் ஊர்ப்பெயரை நிலையாக வைத்து, மாடங்கள், முனைகள், பயிற்சிக் கூடங்கள் ஆகியவற்றின் பெயர்களை மட்டும் குறிப்பிட்ட காலத்திற்கு விற்கும் முறை உள்ளது. ஒரு பகுதியின் ஒப்பந்தம் முறிந்தாலும் அரங்கத்தின் பெயரும் எஞ்சிய வருவாயும் இம்முறையில் பாதிக்கப்படுவதில்லை.